என்னோட பதினெட்டு

வேன் அக்கா ஆட்களை எண்ணும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார். லாபம் என்றுதான் தொடங்குவார். அந்தக் காலத்தில் நெல் அளந்தவர்கள் முதல் மரக்காலுக்கு அப்படித்தான் சொல்வார்களாம். அக்காவுக்கு நெல்லும் தெரியாது, மரக்காலும் தெரியாது. பிறந்தது கிள்ளான், முப்பது வருஷம் ஓட்டியது பள்ளிக்கூட வேன். அவருடைய அப்பா அப்படி எண்ணினாராம், இவரும் எண்ணினார். "லாபம், ரெண்டு, மூணு" என்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டுக்கொண்டே போய், கடைசியில் தன் நெஞ்சில் ஒரு தட்டு தட்டுவார்.

"பதினேழு. என்னோட பதினெட்டு. சரி, நடங்க."

இது நடப்பது கிள்ளானுக்குத் தெற்கே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, கடலை ஒட்டி நிற்கும் ஒரு குன்றின் அடிவாரத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. எங்கள் நடைக்குழு மாதம் இரண்டு முறை அங்கே போகும். பெயரெடுத்த குன்று இல்லை அது. கோலாலம்பூர்க்காரர்கள் சூரிய உதயம் பார்க்க வரிசை கட்டி ஏறுகிற குன்றுகள் வேறே இருக்கின்றன. இங்கே நாங்களும் குரங்குகளும்தான். ஏற முக்கால் மணி நேரம். மேலே போய் நின்றால் ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. மறுபக்கம் ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சேறு, அலையாத்திக் காடு, அதற்கப்பால் மலாக்கா நீரிணை. போகின்றனவா நிற்கின்றனவா என்று சொல்ல முடியாத கப்பல்கள்.

அக்கா குள்ளம், கனத்த உடம்பு. ஜன்னல் பக்கம் இருந்து இருந்து வலது கை மட்டும் இடது கையைவிட இரண்டு மடங்கு கறுத்திருக்கும். குரல் எப்போதும் உச்சத்தில் இருக்கும். நாற்பது பிள்ளைகள் கத்துகிற வண்டியில் முப்பது வருஷம் பேசிய குரல் அது, கல்யாண வீட்டில் ரகசியம் சொன்னாலும் மேடைக்குக் கேட்கும். யாரையும் திட்டாமல் அவர் ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டதில்லை.

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மாள் ஒருமுறை தோளை விலக்கிக்கொண்டார். "ஆளையெல்லாம் எண்ணக் கூடாது அக்கா. கண்ணு பட்டுரும்."

"எண்ணாம விட்டாத்தாம்மா பயம். உனக்காகத்தான் லாபம்னு ஆரம்பிக்கிறேன், ஒன்னும் கொறஞ்சு போயிட மாட்ட. தோளைக் காட்டு லா."

அந்த அம்மாள் தோளைக் காட்டினார்.

எனக்கு அவரை நடைக்குழுவுக்கு முன்பே தெரியும். ஒரே தாமான் குடியிருப்பில் இரண்டு தெரு தள்ளி இருந்தோம். என் மகள் முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை அவர் வேனில்தான் போனாள். நடுவில் ஒரு மாதம் மட்டும் போகவில்லை. அந்த ஒரு மாதத்துக்குக் காரணம் என் கோபம்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் மகளை வாங்கிக்கொள்ள அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன், ரயில் தாமதம். வீட்டு வாசலுக்கு நான் வந்து சேர்ந்தபோது வேன் வந்து போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. மகளைக் காணோம். பக்கத்து வீட்டிலும் இல்லை. அக்கா அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டு, மத்தியான நேரப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ஊரெல்லாம் சுற்றிவிட்டு மாலை ஆறரைக்குக் கொண்டுவந்தார். நான் தெருவில் நின்று கத்தினேன். வராந்தாவில் நாற்காலி இருக்கிறது, அங்கே விட்டிருந்தால் உட்கார்ந்திருப்பாள், பிள்ளை பசியோடு சுற்றியிருக்கிறாள் என்றெல்லாம் கத்தினேன்.

அக்கா என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "கேட்டு பூட்டியிருக்கு. கை நீட்டி வாங்க ஆள் இல்ல. வாசல்ல வீசிட்டுப் போக இது என்ன பேப்பரா? ரொட்டி வாங்கிக் குடுத்தேன், மைலோ வாங்கிக் குடுத்தேன். நீ வந்து நின்னு வாங்கிக்க, அப்புறம் பேசு."

மறுநாளே மகளை வேறு வேனுக்கு மாற்றினேன். அந்த வேன்காரர் நல்ல மனிதர், சிரித்த முகம், குரலே உயராது. ஒரு நாள் மழையில், அவசரத்தில், என் மகளை வேறு தெருவில் எங்கள் வாசல் கேட்டின் நிறத்திலேயே கேட்டு போட்ட ஒரு வீட்டு முன்னால் இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். யாரோ ஒரு மலாய்க்கார அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அன்று மாலை நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வேனின் உள்ளே இருந்தார். கடைசிப் பிள்ளையை இறக்கிய பிறகு, பட்டப்பகலாக இருந்தாலும் கையில் டார்ச் விளக்கோடு ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பது அவர் வழக்கம். தூங்கிப்போன பிள்ளை எங்கே சரிந்து கிடக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். பார்த்து முடிக்கும் வரை என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முடித்துவிட்டு இறங்கி, "நாளைக்கு ஆறு பத்து. லேட்டாக்காத" என்றார். அவ்வளவுதான். குத்திக்காட்டவே இல்லை.

சர்க்கரை ஏறிப்போய், டாக்டர் நடக்கச் சொன்ன பிறகுதான் வேனை விற்றுவிட்டு எங்கள் நடைக்குழுவுக்கு வந்தார். நான்தான் சேர்த்துவிட்டேன். குழுவின் தலைவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று இருப்பார், விலையுயர்ந்த காலணி, மணிக்கட்டில் அடிகளை எண்ணுகிற கடிகாரம். எப்போதும் முன்னால் போவார். அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார், "நீங்க முன்னாடி போங்க தலைவரே. கடைசி ஆள் நானு. எனக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது." தலைவருக்கு அது வசதியாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து அவர்தான் கடைசி. மெதுவாக நடப்பவர்கள், மூச்சு வாங்குபவர்கள், முட்டி வலிக்காரர்கள் எல்லோருக்கும் பின்னால் அவர் வருவார். "முன்னாடி போறவங்களுக்கு முதுகுல கண்ணு இல்லயா? ஓடுறீங்களே, மேல என்ன பந்தியா போட்டிருக்கு?" என்று கீழேயிருந்து குரல் வரும், குரங்குகள் மரம் மாறும். உச்சிக்கு வந்ததும் கடலைப் பார்க்கமாட்டார். முதலில் தோள்கள். லாபம், ரெண்டு, மூணு. பதினெட்டு வந்த பிறகுதான் பாறையில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து பால் கலக்காத கோப்பி ஓ குடிப்பார். "பாருங்கக்கா, இன்னிக்கு கப்பல் எவ்வளவு தெளிவா தெரியுது" என்று யாராவது சொன்னால், "கடல் எங்க போயிடப் போவுது? ஆளுதான் போயிடும்" என்பார்.

ஒருநாள் நடந்தது எனக்கு மட்டும் தெரியும். பாதிக் குன்றில் தலைவர் மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, திடீரென்று ஒதுங்கி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது. நான் அக்காவுக்கு ஒரு வளைவு முன்னால் இருந்தேன். அக்கா வந்தார், பார்த்தார், தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாதையை மறித்து நின்றார். மேலே இருந்து யாரோ, "என்னாச்சு அக்கா?" என்று கேட்டார்கள்.

"ஒன்னுமில்ல. என் ஷூ லேஸ் அவுந்துருச்சு. கட்டிட்டு வரேன், தலைவர் கூட நிக்கிறார். நீங்க நில்லுங்க அங்கேயே."

கால் மணி நேரம் அந்த லேஸைக் கட்டினார். அவர் போட்டிருந்தது பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணி. அதில் லேஸே கிடையாது. தலைவருக்கு மூச்சு திரும்பியதும் காதோரம், அதாவது பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கும்படி, "நாளைக்கே டாக்டர்கிட்ட போறீங்க. இல்லன்னா எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்" என்று மிரட்டினார். தலைவர் டாக்டரிடம் போனார். ஏதோ அடைப்பு என்று கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். அக்கா கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழுவுக்குப் புதுச் சட்டை வந்த ஞாயிறு அது. ஆரஞ்சு நிறம், முதுகில் குழுவின் பெயர். தலைவர் எல்லோரையும் நிறுத்தி உச்சியில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மதியம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் வீட்டுக் கல்யாணம் வேறு, கிள்ளானில் ஒரு மண்டபத்தில். அதனால் எல்லோருக்கும் அவசரம். அக்கா என் காரில் வந்தார். கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய சேலையும் கைப்பேசியும் இருந்த பையை என் காரின் பின்னால் வைத்தார். நடக்கும்போது கைப்பேசி எதற்கு என்பது அவர் கொள்கை. அடிவாரத்தில் குழுவைச் சேர்ந்த டீச்சர், "திரும்பும்போது என் கார்ல வாங்கக்கா. என் வீட்டுலயே குளிச்சிட்டு சேலை மாத்திக்கலாம்" என்றார். அக்கா தலையாட்டினார். பிறகு தோள்களை எண்ணினார். என்னோட பதினெட்டு.

முட்டி வீங்கியிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது வளைவில் நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு கல்லில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்னக்கா?"

"ஒன்னுமில்லம்மா. நீ போ, நான் வரேன். முன்னாடி டீச்சர் தடுமாறுறா பாரு, அவளைப் பிடி."

நான் போனேன். இதை எத்தனை முறை எழுதினாலும் இப்படித்தான் எழுத வேண்டும். நான் போனேன்.

மேலே தலைவர் முக்காலி வைத்து, அதில் கைப்பேசியை நிறுத்தி, ஆரஞ்சு வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தார். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழை வருது, சீக்கிரம் நில்லுங்க" என்றார். நின்றோம், சிரித்தோம், படம் எடுத்தாயிற்று. முதல் தூறல் விழுந்ததும், ஏறி வந்த மண் பாதை வழுக்கும் என்று, மறுபக்கம் சுற்றி அதே அடிவாரத்துக்கு வரும் தார்ச்சாலை வழியே இறங்கினோம். ஒருவரும் எண்ணவில்லை. எண்ணுவது அக்காவின் வேலை. எட்டு வருஷமாக எங்களை எண்ணியவரை நாங்கள் ஒரு தடவைகூட எண்ணிப் பழகவில்லை. கீழே டீச்சரின் கார் முன்னால் கிளம்பியது, பை என் காரில் இருப்பதை மறந்து, அக்கா அதில் இருக்கிறார் என்று நான் நினைத்தேன். பை என் காரில் இருப்பதால் என்னோடுதான் வருவார் என்று டீச்சர் நினைத்தார். மழைக்குப் பயந்து ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டோம்.

கல்யாணப் பந்தியில் பாயசத்தில் கை வைத்திருந்தேன். டீச்சர் பட்டுச்சேலையோடு வந்து எதிரில் உட்கார்ந்து, "அக்கா எங்க, உன்னோட வரலியா?" என்றார்.

அப்போது மணி பன்னிரண்டரை. நாங்கள் இறங்கியது எட்டரைக்கு.

தலைவர் பக்கத்து இலையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "பதட்டப்படாதீங்க. டாக்சி பிடிச்சு வீட்டுக்குப் போயிருப்பாங்க. விவரமானவங்க லா அவங்க. இலையில உக்காந்தாச்சு, சாப்பிட்டுட்டுப் போய்ப் பார்க்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் நெஞ்சு அடைத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அக்கா இலை முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. நான் எழுந்தேன். என் கூட எழுந்து வந்தது டீச்சர் ஒருவர்தான்.

கொட்டுகிற மழையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். டீச்சரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, கல்யாணச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் பாதையில் ஏறினேன். அக்கா பாதி வழியில் எங்காவது விழுந்து கிடப்பார் என்று நினைத்தேன். அங்கே இல்லை. உச்சியில் இருந்தார்.

உட்கார்ந்திருக்கவில்லை. நாங்கள் படம் எடுத்த இடத்துக்குக் கீழே, புதருக்குள், ஒரு கொம்பை ஊன்றிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சுச் சட்டை முழுக்கச் சேறு. அவர் மேலே வந்து சேர்ந்தபோது ஒருவரும் இல்லை. ஏறிய வழியில் யாரும் இறங்கவில்லை, அவர்தான் அந்த வழியில் இருந்தாரே. அவரை விட்டுவிட்டுப் போயிருப்போம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மழையில் யாரோ சரிந்து விழுந்திருக்கிறார்கள், மற்றவர்கள் தூக்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஐந்து மணி நேரம் அந்த முட்டியோடு, மழையில், எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டுக்கொண்டு எங்களைத் தேடியிருக்கிறார். அந்தப் பெரிய குரல் போய்விட்டிருந்தது. காற்றுதான் வந்தது.

என் சேலையைப் பார்த்தார், என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார்.

"மத்தவங்க?"

"மண்டபத்துல இருக்காங்கக்கா."

"எல்லாரும் இருக்காங்களா? எண்ணுனியா?"

நான் எண்ணியிருக்கவில்லை. அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. விழுந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பார், நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு தார்ச்சாலை வழியே இறங்கினார்.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் எழுதினார், நேற்று ஒரு சிறு தகவல் குழப்பம், அக்கா நலம், இறைவனுக்கு நன்றி. அதற்குக் கீழே இருபது கும்பிடுகிற கைகள். அதற்குக் கீழே உச்சியில் எடுத்த படம், அதற்கு இன்னும் நிறையக் கைதட்டல். சிறு குழப்பமா, ஐந்து மணி நேரம் சிறு குழப்பமா, நான் உட்பட நம் அத்தனை பேருக்கும் வெட்கமே இல்லையா என்று எழுதினேன். தனியாகப் பேசிக்கொள்ளலாமே என்று ஒருவர் பதில் போட்டார். இன்னொருவர் காலை வணக்கம் என்று ஒரு ரோஜாப்பூவை அனுப்பினார்.

அக்கா அதற்குப் பிறகு நடக்க வரவில்லை. முட்டிக்கு அறுவை சிகிச்சை ஆயிற்று, சிங்கப்பூரில் இருக்கும் மகன் கூட்டிக்கொண்டு போவதாக முடிவாயிற்று. அதைக் கேள்விப்பட்ட தலைவர் குழுவின் ஆண்டு விருந்தில் அக்காவைக் கௌரவிக்கப்போவதாக அறிவித்தார். போகாதீங்க என்று நான் சண்டை போட்டேன். "கூப்பிட்டிருக்காங்க, போகணும் லா. எல்லாரையும் ஒரு தடவ பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்.

விருந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்தது. தலைவர் பொன்னாடை போர்த்தினார். அக்கா நம் குடும்பத்தின் தாய், நம்மை என்றும் கைவிடாதவர் என்றெல்லாம் பேசினார். பேசும்போது கண் கலங்கியது, நடிப்பில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பிறகு வண்ணத்தாள் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்தார். குழுவின் நினைவாக வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

அக்கா தாளைப் பிரித்தார். ஆரஞ்சு நிறம் தெரிந்ததுமே அது எந்த ஞாயிற்றுப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஒரே சட்டையில் இருக்கிறோம், பின்னால் கடல் தெளிவாகத் தெரிகிறது, இருப்பதிலேயே நல்ல படம் என்று அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெரிதாக்கி, சட்டம் போட்டு, தாள் சுற்றி, இத்தனை கை மாறியிருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அக்கா சட்டத்தை மேசைமேல் சாய்த்து வைத்தார். கண்ணாடியின்மேல் விரலை வைத்தார். லாபம் என்றார். ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொரு ஆரஞ்சுத் தோளாக விரல் நகர்ந்தது. குரல் திரும்பியிருந்தது, மாடி முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அக்கா பழக்கத்தை விடவில்லை பாருங்கள் என்று யாரோ கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"பதினேழு" என்றார் அக்கா. கை நெஞ்சுக்குப் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு ஆள் கொறையுது தலைவரே. யாருன்னு பாருங்க."

தலைவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, உண்மையாகவே தேட ஆரம்பித்தார்.